லிங்கு மார்க் சட்டை

அந்தப் பைய நான் மடியில வச்சுக்கிடுதேன், நீங்க தாராளமா உக்காருங்கம்மா. கனமெல்லாம் இல்ல, துணிதான். மதுரைக்கா? நல்லதாப் போச்சு. நான் அதையும் தாண்டி சங்கரன்கோயில் போகணும். நல்லவேளை பொம்பளை ஆளு வந்து உக்காந்தியள். சிங்காநல்லூருல ஏறுனதுல இருந்து யாரு வந்து உக்காரப் போறாங்களோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

எம் மகன் இங்க கோயம்புத்தூருல இருக்கான். அவனப் பாத்துட்டுத்தான் வாரேன். காலையில வெள்ளன வந்து எறங்குனேன், இந்தா திரும்பிட்டேன். ஒரு நாளு தங்கிட்டுப் போன்னு அவன் சொல்லல. நானும் கேக்கல. ரூம்ல ரெண்டு ஆம்பளப் பிள்ளைய இருக்காங்க, நான் எங்கன படுக்க? அதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல.

இதுல என்னன்னு பாக்கியளா? சட்டை. அவனுக்காகத் தைச்சுக் கொண்டுபோனது. இந்தா, இதத் தொட்டுப் பாருங்க. சும்மா தொடுங்க, அழுக்காகாது. பட்டன் தெரியுதுலா? இப்ப ரெண்டு பக்கமும் புடிச்சு இழுங்க. பயப்படாதிங்க, கிழியாது. இழுங்க. பாத்தியளா! இப்ப பக்கத்துல கொண்டு போங்க. டப்புனு தானா சேந்துக்கிடுச்சா? அம்புட்டுத்தான். பட்டன் மேல சும்மா பேருக்கு. உள்ள காந்தம். கை வராதவங்க, விரலு மடங்காதவங்க, யாரு வேணாலும் கண்ண மூடிக்கிட்டுப் போடலாம். பாக்கவங்களுக்கு இது பட்டன் சட்டைதான். ஒருத்தருக்கும் தெரியாது. அதான் இதுல விசேஷம்.

கழுத்துக்குப் பின்னால லேபிளப் பாருங்க. ஒரு பையன் சிரிக்கான்லா? அதான் எம் மகன். எட்டு வயசுல எடுத்த போட்டோவப் பாத்து வரஞ்சது. லிங்கு மார்க். அவன் முழுப் பேரு சங்கரலிங்கம், நான் கூப்பிடுதது லிங்கு.

விழாவுல பேசக் கூப்பிட்டா மேடையிலயும் நான் இப்பிடித்தான் ஆரம்பிப்பேன். சட்டையக் காட்டுவேன், முன்னால இருக்கவங்கள ஒருத்தர எந்திரிக்கச் சொல்லி இழுக்கச் சொல்லுவேன், அதுக்கப்புறம் அவன் கதையச் சொல்லுவேன். இப்ப அதச் சொல்லக் கூடாதுன்னு அவன் சொல்லிட்டான். மேடையில சொல்லக் கூடாது, டிவிக்காரங்க வந்தா சொல்லக் கூடாது. பஸ்ஸப் பத்தி ஒண்ணும் சொல்லல. பஸ்ஸு என்ன மேடையா? நீங்க ஒரு ஆளு, நான் ஒரு ஆளு.

பொறக்கயில அவனுக்கு மூச்சு முட்டிப்போச்சு, அதுல மூளையில எங்கனயோ ஒரு இடத்துல அடி. அறிவு பொன்னு. கை காலு மட்டும் சொன்ன பேச்சு கேக்காது. இந்தக் கையத் தூக்குன்னா அந்தக் காலு இழுக்கும். பேச்சும் கொழகொழன்னு வரும், புதுசாக் கேக்கவங்களுக்குப் புரியாது. நான்தான் பக்கத்துல நின்னு திருப்பிச் சொல்லுவேன். டீச்சர்ட்ட, டாக்டர்ட்ட, பஸ்ஸு கண்டக்டர்ட்ட. அவன் ஒரு வார்த்தை ஆரம்பிக்கதுக்குள்ள நான் முடிச்சிருவேன், அம்புட்டுப் பழக்கம்.

பள்ளிக்கூடத்துல சட்டைப் பட்டன் கழண்டா கழண்டதுதான். நெஞ்சத் தொறந்து போட்டுக்கிட்டே சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பான். சரின்னு, கர்ருனு பிரியுமே ஒரு ஒட்டு டேப்பு, அத வச்சுத் தைச்சுக் கொடுத்தேன். பிள்ளைய சும்மா இருக்குமா? போறவன் வாரவனெல்லாம் கர்ருன்னு இழுத்துட்டு ஓடுதான். அழுதுக்கிட்டு வந்தான். சத்தம் வராம ஒட்டணுமே, என்ன செய்யன்னு ரெண்டு நாளு யோசிச்சேன். எங்கிட்ட ஒரு பழைய ஹேண்ட்பேக் கெடந்தது, அவனோட அப்பா புனலூருல இருந்து வாங்கியாந்தது. அதோட மூடியில காந்தம் இருக்கும்லா? வெட்டி எடுத்துட்டேன். அதான் முதல் சட்டை.

அவனோட அப்பா புனலூருல பாத்திர வியாபாரம். மாசம் ஒரு தரம் வருவாரு. நல்ல மனுசன். நெஞ்சுவலியில போயிட்டாரு. அத விடுங்க, அது இந்தக் கதையில வராது.

சட்டை தெருவுல தெரிஞ்சுது, ஊருல தெரிஞ்சுது. கைகால் விழுந்தவங்க வீட்டுல இருந்து ஆளு வர ஆரம்பிச்சிட்டு. யோசிச்சுப் பாருங்கம்மா, படுக்கையில கெடக்கவங்களுக்குன்னு துணி எந்தக் கடையில விக்கான்? பழைய நைட்டியக் கிழிச்சுப் போத்தி விடுவாங்க, அம்புட்டுத்தான். வாசுதேவநல்லூருல ஒரு பெரியவரு, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் அசையாது. மக கல்யாணம். மண்டபத்துக்கு வரமாட்டேன், வேட்டிய மேல போத்திக்கிட்டு எல்லார் முன்னாலயும் உக்கார மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்காரு. நான் போயி அளவெடுத்தேன். முன்பக்கம் பாத்தா வெள்ளை முழுக்கைச் சட்டை, கஞ்சி போட்ட காலரு. பின்பக்கம் மேலருந்து கீழ வரைக்கும் தொறப்பு. கைய மட்டும் நுழைச்சு, முதுகுக்குப் பின்னால ஒட்டி விட்டாப் போதும், ஆளத் தூக்கவே வேண்டாம். மாட்டி விட்டுக் கண்ணாடிய முன்னால வச்சேன். நல்லா இருந்த கையால காலர மட்டும் தடவிக்கிட்டே இருந்தாரு. அந்தக் கல்யாணப் போட்டோ எங்கிட்ட இருக்கு. யாருக்கும் அவரு பின்பக்கம் தெரியாது, எனக்கு மட்டுந்தான் தெரியும்.

இன்னைக்கு எங்கிட்ட நாலு பொம்பளைய வேலை பாக்காங்க. ரெண்டு பேருக்குக் காலு வராது, கையால மிஷின் ஓட்டுதாங்க. காலுல இரும்புப் பட்டை மாட்டிருக்கவங்களுக்குப் பேண்ட்டு, மூத்திரப் பையோட வெளிய போறவங்களுக்கு உள்பை வச்ச வேட்டி, ஒத்தக்கைப் பிள்ளைக்குச் சுடிதாரு. கலெக்டர் கை குடுத்திருக்காரு. பெண் தொழில்முனைவோர்னு சான்றிதழ்ல போட்டிருக்கு. அந்த வார்த்தைய வாய் குளறாமச் சொல்லவே நான் எத்தனை நாளு பழகியிருப்பேன்!

எங்க கூப்பிட்டாலும் லிங்குவக் கூட்டிட்டுப் போவேன். நான் பேசுவேன், அவன் மேடைக்கு வருவான். போட்டிருக்க சட்டையக் கழட்டிட்டு, நம்ம சட்டைய எடுத்து, ஒருத்தர் உதவி இல்லாமப் போட்டுக் காட்டுவான். கைதட்டு அடங்காது பாத்துக்கிடுங்க. சின்னப் பிள்ளையில அவனும் சிரிச்சுக்கிட்டே செய்வான். வளர வளர சிரிப்புக் கொறஞ்சுது. மீசை வந்துட்டா ஆம்பளப் பிள்ளைய அப்பிடித்தான, மூஞ்சிய உம்முனு வச்சுக்கிடும்.

அவன் பி.காம். கடைசி வருசம் படிக்கையில அந்தக் காலேஜுல ஆண்டு விழாவுக்கு என்னையச் சிறப்பு விருந்தாளியாக் கூப்பிட்டாங்க. அவன் காலேஜுக்கு! எனக்குக் காலு தரையில பாவல. அவன்ட்ட சொன்னா, "எம்மா, இங்க மட்டும் வேண்டாம்மா"ங்கான். வெக்கப்படுதான்னு நினைச்சேன். "எய்யா, உன் கூடப் படிக்கவங்க உன்னையப் பத்திப் பெருமையா நினைக்காண்டாமா?"ன்னேன்.

அன்னைக்கு நான் பேசுன மாதிரி என்னைக்குமே பேசுனதில்ல. எல்லாத்தையும் சொன்னேன். அவனைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சது, மீசை முளைக்கப் போற வயசு வரைக்கும் நான்தான் கால் கழுவி விட்டது, ராத்திரி ஈரப் பாயை மாத்துனது, ஒண்ணு விடல. சொல்லிட்டு, "எம் மகன் இங்கதான் இருக்கான், லிங்கு, மேல வாய்யா"ன்னு கூப்பிட்டேன். அவன் கடைசியில உக்காந்திருந்தான். வர நேரமாச்சு. வந்தான், சட்டையக் கழட்டுனான், போட்டான். ஹாலே எந்திரிச்சு நின்னு கைதட்டுது! வாத்தியாருமாரு கண்ணத் தொடைக்காங்க. முன் வரிசையில அவன் வகுப்புப் பிள்ள ஒண்ணு, பெனிட்டான்னு பேரு, வீட்டுக்கெல்லாம் வந்திருக்கு, பரிச்சைக்கு ரெண்டும் சேந்து படிக்கும். அது தலையக் குனிஞ்சு அழுதுது. பிறகு எந்திரிச்சு வெளிய போயிட்டுது. தாங்க முடியல அதுக்கு. இரக்க மனசு.

வீட்டுக்கு வந்தபிறகு சாப்பிடுன்னா சாப்பிட்டான், படுன்னா படுத்தான். பரிச்சை முடிஞ்சுது. கோயம்புத்தூருல வேலை கெடச்சிருக்கு, கம்ப்யூட்டருல கணக்குச் சரிபாக்கது, போறேன்னான். எனக்குத் தெரியாம எப்ப எழுதிப் போட்டான், எப்ப அவங்க கேள்வி கேட்டாங்க, ஒண்ணும் தெரியாது. "ஒத்தையில எப்பிடிய்யா இருப்ப? யாரு உன்னையப் பாத்துக்கிடுவா?"ங்கேன். "பாத்துக்கிடுதேம்மா"ங்கான். போகயில ரெண்டே விசயம் சொன்னான். லேபிள்ல இருந்து என் மூஞ்சிய எடுத்துரு. என் கதைய இனிமேச் சொல்லாத. அம்புட்டுத்தான் சொன்னான்.

நீங்களே சொல்லுங்க, லேபிள எப்பிடி எடுக்க? கடைப் பேரே அதுதான. பதிஞ்சாச்சு, போர்டு வச்சாச்சு, ரோல் ரோலா அடிச்சு வச்சிருக்கு. அதுவும் போக, அந்த மூஞ்சிய நான் தெனமும் பாக்கேன். ஒவ்வொரு காலர்லயும் வச்சுத் தைக்கையில ஒரு தரம் பாக்கேன். அதையும் எடுத்துட்டா வீட்டுல யாரு இருக்கா?

பொங்கலுக்கு வரல. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரல. எங்க ஊருல தபசுக்கு வராதவன்னு ஒருத்தன் உண்டுமா? துபாய்ல இருக்கவனெல்லாம் வந்து நிக்கான். கேட்டா லீவு இல்லங்கான். போன் பண்ணுவான், அதையும் கொறை சொல்லக் கூடாது. ஞாயித்துக்கிழமை பண்ணுவான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, மழை பெஞ்சுதா. மழை பெய்யாட்டா பேச்சு அதோட தீந்துரும்.

இப்ப எதுக்கு வந்தேன்னா, சென்னையில ஒரு பெரிய விருது. டிவியில எல்லாம் காட்டுவாங்க. நடத்துத அம்மா போன்ல சொல்லுது, "மேடம், மகனக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, அவரு ஸ்டேஜ்ல சட்டை போட்டுக் காட்டுனா ரொம்ப டச்சிங்கா இருக்கும்." போன்ல கேட்டா அவன் முடியாதும்பான். நேர்ல போயி நின்னா தாயத் தட்ட முடியுமா? அதான் ராத்திரி பஸ்ஸு ஏறி, சொல்லாமக் கொள்ளாம வந்து கதவத் தட்டுனேன்.

கூட இருக்க பையந்தான் தொறந்தான். நாகர்கோயில் பக்கம், பேரு அஜின். உள்ள லிங்கு வேலைக்குக் கெளம்பிக்கிட்டிருக்கான். கட்டில் ஓரத்துல உக்காந்து சட்டை போடுதான். என்ன சட்டைங்கிய? பட்டன் சட்டை! கடையில வாங்குன சாதாப் பட்டன் சட்டை!

என்னையப் பாத்ததும், "வாம்மா, உக்காரு, இந்தா முடிச்சிட்டு வாரேன்"ன்னான். சிரிச்ச மொகமாத்தான் சொன்னான். நான் உக்காந்தேன். அவன் பட்டன் போடுதான், போடுதான், போட்டுக்கிட்டே இருக்கான். தாடையால சட்டை ஓரத்த அமுக்கிக்கிட்டு, ஒரு விரலால பட்டனத் தள்ளுதான். காஜா ஓட்டை வரைக்கும் போகுது, நழுவிருது. திரும்பத் தள்ளுதான். நெத்தியில வேர்வை. அந்த அஜின் பயல் என்ன செய்யுதான்னு பாத்தா, அடுப்புல டீயப் போட்டுக்கிட்டு ஏதோ பாட்டு முணங்குதான். திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு கை குடுத்தா என்ன, கொறஞ்சா போயிருவான்? கல்நெஞ்சுக்காரன்.

கடைசியில எல்லாப் பட்டனும் போட்டு முடிச்சான். ஒண்ணு மாறிப் போச்சு, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கி. நான் எந்திரிச்சுக் கைய நீட்டுனேன். வெலகிட்டான். "இருக்கட்டும்மா"ன்னு பின்னால ஒரு எட்டு வச்சிட்டான். தாயி கை பட்டா சுடுமா? அப்ப அஜின் டீயக் கொண்டாந்துக்கிட்டே, "மச்சான், மேல ஒண்ணு மாறிருக்கு பாரு"ங்கான். இவன் குனிஞ்சு பாத்து, "அட சவமே"ன்னு சிரிக்கான்! சிரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் அவுத்து மொதல்ல இருந்து போடுதான். அவன் சொன்னா சிரிப்பு, நான் கை வச்சா வெலகல். இத எங்க போயிச் சொல்ல?

நான் கொண்டுபோன சட்டைய எடுத்து விரிச்சேன். "எய்யா, என்னத்துக்கு இந்தப் பாடு? இதப் போட்டா கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள வேலை முடிஞ்சிரும்லா?"

"வேலை முடிஞ்சிரும்மா. ஆனா நான் போட்ட மாதிரி இருக்காது"ங்கான்.

"பின்ன யாரு போட்டது? நீதான போடுத?"

"நீ போட்டு விட்ட மாதிரி இருக்கும்"ங்கான்.

உங்களுக்கு இது புரியுதா? எனக்குப் புரியல. அஜினுக்கும் புரிஞ்சிருக்காதுன்னு, "அவன் என்ன சொல்லுதான்னா"ன்னு அந்தப் பையன்ட்ட திருப்பிச் சொல்லப் போனேன். "புரியுது ஆன்ட்டி"ங்கான். அவன் பேசுதது எல்லாமே அந்தப் பையனுக்குப் புரியுது.

அப்பத்தான் லிங்கு என்னைய அவனுக்குச் சொல்லுதான், "எங்கம்மாடா. டெய்லரு." டெய்லராம்! இத்தனை விருது வாங்கி, பேப்பர்ல போட்டோ வந்து, டெய்லரு! தொழில்முனைவோர்னு சொன்னா வாயி வலிக்குமா? ஆனா அந்தப் பையன் டக்குனு, "ஆன்ட்டி, எங்க தாத்தா ஒரு வருசமா எந்திரிக்காமப் படுத்திருக்காரு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போணும்னு ஆசைப்படுதாரு, அவருக்கு ஒரு சட்டை தைச்சுத் தருவீங்களா?"ங்கான். "எங்கம்மா தைக்க மாதிரி ஒருத்தராலயும் தைக்க முடியாதுன்னு லிங்கம் எப்பவும் சொல்லுவான்"ங்கான். லிங்கமாம். லிங்கு இல்ல, லிங்கம். அளவு அனுப்பச் சொல்லிருக்கேன். தோள்பட்டை மட்டும் சரியா எடுக்கணும், படுத்தே கெடக்கவங்களுக்குத் தோளு உள்ள வாங்கிரும்.

அஜின் வேலைக்குப் போயிட்டான், இவன் லேட்டா வாரேன்னு ஆபீசுக்குப் போன்ல சொல்லிட்டான். நானும் அவனும் மட்டும். விருது விசயத்தச் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தான். கோவப்படல. கோவப்பட்டிருந்தா அழுது ஜெயிச்சிருப்பேன். பையச் சொன்னான், "எம்மா, அன்னைக்கு காலேஜுல பேசுனில்லா, அதுக்கப்புறம் பெனிட்டா எங்கிட்ட மெதுவாப் பேச ஆரம்பிச்சிட்டா. ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தி. சின்னப் பிள்ளைட்ட பேசுவாங்கள்லா, அப்பிடி. அதுக்கு முந்தி என்கூடச் சண்டை போடுவாம்மா. கேலி பண்ணுவா. அதோட எல்லாம் நின்னுபோச்சு."

நல்ல பிள்ளைன்னுதான எனக்குத் தோணுது? பொறுமையா, மரியாதையாப் பேசியிருக்கு. இதுல என்ன குத்தம்? அதையேதான் சொன்னேன். அவன் என்னையப் பாத்தான் பாருங்க. பிறகு, "சரி விடும்மா"ன்னுட்டான். அந்தச் சரி விடும்மா இருக்கே, அது எனக்குப் பிடிக்கல. சண்டை போட்டிருக்கலாம்.

கெளம்புதேன்னு எந்திரிச்சேன். அப்பச் சொல்லுதான், "சென்னைக்கு வாரேம்மா." எனக்கு உசுரு வந்துச்சு. "வாரேன். ஆனா கீழ, எல்லாரோடயும் உக்காந்திருப்பேன். நீ கூப்பிடக் கூடாது. பேரச் சொல்லக் கூடாது, கையக் காட்டக் கூடாது. நீ விருது வாங்குதத நான் பாக்கணும், கைதட்டணும். அம்புட்டுத்தான்."

"உன்னையச் சொல்லாம நான் அங்கன நின்னு என்னத்தப் பேச?"ங்கேன்.

"உன் கதையச் சொல்லேன்"ங்கான்.

"எனக்கு என்னய்யா கதை இருக்கு?"ன்னேன்.

சிங்காநல்லூர் வரைக்கும் ஆட்டோவுல கூட வந்தான். நான் கொண்டுபோன சட்டையில ஒண்ணுகூட எடுத்துக்கிடல, எல்லாம் இந்தா பையிலயே கெடக்கு. போகயில அவனோட ஒரு சட்டையக் கொடுத்தான். இது, இந்த நீலக்கோடு. அவன் தள்ளித் தள்ளி காஜா ஓட்டை நைஞ்சு போச்சு, ரெண்டு பட்டன் தொங்குது பாருங்க. "காஜாவ மட்டும் கெட்டியாத் திருப்பித் தைச்சிரும்மா, பட்டன மாத்திரு. இது எனக்குப் பிடிச்ச சட்டை"ன்னான். இத்தனை வருசத்துல எங்கிட்ட அவனா வாயத் தொறந்து ஒரு வேலை சொன்னது இதுதான்.

ஊசி நூலு கைப்பையில எப்பவும் இருக்கும். காந்தமும் இருக்கு. இந்தா, இம்புட்டுக்கூண்டுதான். நான் என்ன யோசிக்கேன்னா, பட்டன அப்பிடியே மேல வச்சிட்டு, உள்பட்டியில காந்தத்த மறைச்சு வச்சுத் தைச்சிட்டா? அவனுக்குத் தெரியவே தெரியாது. விரல கிட்டக் கொண்டு போவான், தானா ஒட்டிக்கிடும். நாமளே போட்டுட்டோம்னு நினைச்சுக்கிடுவான். எப்பிடி?

என்ன? ஆமா, பட்டன்தான் கேட்டான். பட்டன்னுதான் சொன்னான். அதுக்கென்ன இப்ப?

சரி. காந்தம் வேண்டாம். நீங்களும் அவன் வயசுக்காரங்க, அவன் பக்கந்தான் பேசுவிய. உள்ள வச்சிட்டேன், பாத்துக்கிடுங்க. பட்டனே வைக்கேன். நூலுல காம்பு கொஞ்சம் நீளமா விட்டுச் சுத்துனா பட்டன் துணியில ஒட்டாம நிமிந்து நிக்கும், விரலுக்குப் பிடி கெடைக்கும். இத அவன் ஒண்ணும் சொல்ல முடியாது. எந்த டெய்லரும் செய்யுததுதான். வண்டி ஆடுது, இந்த ஓரத்த மட்டும் புடிச்சுக்கிடுங்கம்மா. அப்பிடித்தான்.

ஆனா மேடையில என்ன பேசன்னுதான் ஓடமாட்டேங்கு. ஏறுனதுல இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாக்கேன். வணக்கம். என் பேரு ஆவுடையம்மாள். சங்கரன்கோயில். நான் ஒரு டெய்லர். அதோட நின்னு போகுது. அடுத்த வார்த்தை லிங்குன்னுதான் வருது.

வேற என்ன இருக்கு சொல்ல? அடுத்த வீட்டு மரியம்மா மிஷின்ல மதிய நேரம் உக்காந்து தானாப் பழகுனேன். அவரு புனலூருல இருக்கையில வீட்டுல பேச்சுத் துணை கிடையாது, பிள்ளைக்கும் அப்பப் பேச்சு வரல. இப்பவும் பொம்பளைய வேலை முடிஞ்சு சாயங்காலம் போயிட்டா வீடு கம்முனு ஆயிரும். சில நேரம் துணியே வைக்காம மிஷின மிதிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். கடகடன்னு சத்தம் கேட்டாப் போதும், யாரோ வீட்டுல நடமாடுத மாதிரி இருக்கும். நூலு கோக்காத ஊசி சும்மா மேலயும் கீழயும் போயிட்டு வரும். இதெல்லாம் மேடையில சொல்லுத கதையா? இதக் கேட்டு யாரு கைதட்டுவா?

போன் அடிக்கி, இருங்க. அவன்தான்! நான்தான் தாராபுரம் தாண்டுனதும் கூப்பிடுன்னு சொல்லிருந்தேன். மறக்காமக் கூப்பிடுதான் பாருங்க.

சொல்லுய்யா... ஆமா, தாராபுரம் தாண்டிட்டு... சாப்பிட்டேன், இட்லி... நல்ல சீட்டுதான்... இல்லய்யா, தூங்கல, சும்மாதான் வாரேன்... பேச்சுச் சத்தமா? அது முன்னால யாரோ... பக்கத்துலயா?

பக்கத்துல யாரும் இல்லய்யா. சீட்டு காலி. சிங்காநல்லூருல இருந்தே காலியாத்தான் வருது. நான் யாருட்ட என்ன பேசப் போறேன்... ஒண்ணும் சொல்லலய்யா, சத்தியமா... சரி, சரி. வச்சிருதேன்.

கோச்சுக்கிடாதிங்கம்மா. ஆளு இருக்குன்னு சொன்னா அவனுக்குத் தெரிஞ்சு போகும்.